வணிகச் சொத்தாகப் பதிவான எங்கள் வீடு

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே கரும்பு வயல்கள் சூழ்ந்த எங்கள் சிற்றூரில், அப்பா இருந்தவரை வீட்டின் முன்னறையில் மளிகைக் கடை நடந்தது. அவர் மறைந்தபின் அதை மூடி, அம்மாவுக்குப் படுக்கையறையாக்கினோம். ஆனால் நகராட்சியின் புதிய மதிப்பீட்டுப் பட்டியலில் வீடு வணிகச் சொத்தாகவே பதிவாகி, வரி எங்கள் சக்திக்கு மீறி வந்தது.

கவுண்டரில் வாதாடிப் பயனில்லை. 2004ஆம் ஆண்டின் நகராட்சிச் சொத்துவரிச் சட்டப்படி, பட்டியல் பார்வைக்கு வைக்கப்படும் காலத்துக்குள் (அது 30 நாளுக்குக் குறையக் கூடாது) எழுத்து மூலம் ஆட்சேபம் தர வேண்டும். தொகை அதிகம் என்று மட்டும் எழுதாமல், சொத்தின் வகையே தவறு என்று எழுதினேன். முடிவை மாற்றியது அதுதான் என்று நம்புகிறேன். கடைப்பலகையைக் கழற்றிய சுவரில் இன்னும் தெரியும் நான்கு ஆணித் துளைகளையும், உள்ளே அம்மாவின் கட்டிலையும் படமெடுத்து இணைத்தேன். ஆட்சேபம் கொடுத்தாலும் வரி கட்டுவதை நிறுத்த முடியாது என்பதால், மாதாமாதம் கட்டி ரசீதுகளைச் சேர்த்து வைத்தேன்.

மதிப்பீட்டாளர் நேரில் வந்து அறையைப் பார்த்தார். பிறகு வகை குடியிருப்பு என மாறியது. கூடுதலாகக் கட்டிய தொகையும் எங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.