"சும்மாதான் இருக்கேன்"னு சொன்னா என்ன கோட் போடுறது? புதுசா சர்வேக்குப் போறவங்களுக்கு

ட்ரெயினிங் முடிச்சு டேப்லெட்ட கையில குடுத்துட்டாங்க, புக்கும் படிச்சாச்சு, ஆனா வாசல்ல போய் நின்னா வாய் வரமாட்டேங்குதுன்னு ரெண்டு மூணு தம்பிங்க தங்கச்சிங்க கேட்டுட்டே இருந்தாங்க, அதான் இந்த போஸ்ட். நான் தென்காசிப் பக்கம் கிராமங்கள்ல தொழிலாளர் சர்வே எடுத்தவ. பி.எல்.எஃப்.எஸ்னு (Periodic Labour Force Survey) சொல்வாங்களே அது. ஒவ்வொருத்தரும் என்ன வேலை பாக்குறாங்கங்கிறதுக்கு டேப்லெட்ல ஒரு நம்பர் போடணும், அதுதான் கோட். 2017 ஏப்ரல்ல ஆரம்பிச்சது, 2025 ஜனவரியில இருந்து ஒரு வீட்டுக்கு நாலு மாசம் தொடர்ந்து நாலு தடவ போகணும்னு ஆக்கிட்டாங்க. என் தப்பு வெளிய வந்ததே அந்த ரெண்டாவது தடவைலதான், கீழ சொல்றேன்.

டேப்லெட்ல லாகின் பண்றது, லிஸ்டிங் எடுக்கிறது, வீடு செலக்ட் ஆகுறது எல்லாம் ட்ரெயினிங்ல சொல்லிருப்பாங்க, அத விட்டுடுறேன்.

படி 1: நேரம்

காலைல 10 மணிக்குப் போனா பாதி வீடு பூட்டிக் கிடக்கும். நூறு நாள் வேலைக்கோ வயலுக்கோ போயிருப்பாங்க. சாயங்காலம் 4 மணிக்கு மேல போங்க, ஆனா விளக்கு வைக்கிற நேரத்துல போய் நிக்காதீங்க.

படி 2: வாசல்ல சொல்ற மொத வார்த்தை

"கணக்கெடுக்க வந்திருக்கோம்"னு மட்டும் சொல்லிடாதீங்க. உடனே "ஆயிரம் ரூவாய்க்கா?"ன்னுதான் கேப்பாங்க. 2023 செப்டம்பர்ல மகளிர் உரிமைத்தொகை வந்ததுல இருந்து இப்படித்தான். அந்த நினைப்புலயே பேச ஆரம்பிச்சா மாடு இருக்கிறத சொல்ல மாட்டாங்க, பீடி சுத்துறத சொல்ல மாட்டாங்க, எங்க பேரு வெட்டுப்பட்டுருமோன்னு பயம். அதனால நான் ஐடி கார்ட காட்டிட்டு நேரா சொல்லிருவேன், "ஆச்சி, இதுல பணமும் வராது, வர்ற பணமும் நிக்காது, ஊர்ல யாரு என்ன வேலை பாக்குறாங்கன்னு மட்டும் கேக்கோம், ஆதார் வேண்டாம், ஓடிபி வேண்டாம்." ஓடிபி வேண்டாம்னு சொன்னதும் பாதி பேரு முகம் தெளிஞ்சிரும். நீங்க சொல்ற விவரம் ரகசியமா இருக்கணும்னு 2008-ல போட்ட புள்ளிவிவரச் சட்டமே இருக்கு, அதையும் சொல்லலாம், ஆனா சட்டம்னு ஆரம்பிச்சா சில அண்ணாச்சிங்க கதவ சாத்திருவாங்க, ஆளப் பாத்து சொல்லுங்க.

படி 3: யாரு அந்த வீட்டு ஆளு

ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க ஒரு குடும்பம். ஒரே கூரைக்குக் கீழ அண்ணன் தம்பி தனித்தனியா உலை வச்சா ரெண்டு குடும்பம். அவ்வளவுதான்.

படி 4: "என்ன வேலை பாக்குறீங்க?" (இங்கதான் நான் விழுந்தேன்)

மொத ரவுண்டுல ஒரு வீடு. நாப்பது வயசு இருக்கும் அந்த மதினிக்கு. "என்ன வேலை பாக்கீங்க?"ன்னு கேட்டேன். "நான் என்னத்த பாக்க, வீட்ல சும்மாதான் இருக்கேன்"னாங்க. நானும் 92-ன்னு தட்டிட்டேன், வீட்டு வேலை மட்டும். நாலு நிமிஷத்துல முடிஞ்சது, பெரிய சாதனை மாதிரி அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன். அடுத்த மாசம் திரும்பப் போனா மடியில தட்ட வச்சு பீடி சுத்திட்டே பதில் சொல்றாங்க! பக்கத்துல இலை நறுக்கி ஈரத்துணியில சுத்தி வச்சிருக்கு. இந்தத் தடவ 11 போட்டேன், சுயதொழில். சூப்பர்வைசர் போன் பண்ணி, "ஏம்மா, ஒரே மாசத்துல உன் ஏரியாவுல பொம்பளைங்களுக்கெல்லாம் வேலை கிடைச்சிருச்சா?"ன்னு கேட்டாரு. அவங்க இருபது வருஷமா சுத்துறாங்க, நான்தான் கேக்கல.

நம்ம ஊர்ல "வேலை"ன்னா வெளிய போயி மாசச் சம்பளம் வாங்குறதுதான். மத்ததெல்லாம் சும்மா. அதனால "வேலை"ங்கிற வார்த்தையையே மொதல்ல எடுக்காதீங்க. நான் இப்ப கேக்குறது இப்படி:

"காலைல எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க மதினி? எந்திரிச்சதும் என்ன?" அவங்களே சொல்லிட்டு வருவாங்க, சாணி அள்ளுறது, பால் கறக்குறது, புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புறது, அப்புறம் "ரெண்டு கட்டு சுத்துவேன்." எழுதிக்கோங்க. சர்வேல கடைசி ஏழு நாளுக்கு ஒரு கேள்வி, கடைசி 365 நாளுக்கு ஒரு கேள்வி இருக்கும். ஏழு நாளுக்கு "நேத்து என்ன செஞ்சீங்க, முந்தாநேத்து?"ன்னு பின்னாடியே போங்க. புதன்கிழமை போனீங்கன்னா போன புதன்ல இருந்து செவ்வாய் வரைக்கும் ஏழு நாள், நீங்க போன நாள் கணக்குல வராது. ஏழு நாள் யாருக்கும் அப்படியே ஞாபகம் இருக்காது, "ஞாயித்துக்கிழமை கறி எடுத்தீங்களா, அன்னைக்கு வயலுக்குப் போனீங்களா?"ன்னு கேட்டா டக்குனு வரும். 365 நாளுக்கு இங்கிலீஷ் மாசம் சொல்லாதீங்க, கார் அறுப்பு, பிசானம் நடவுன்னு கேளுங்க, நாள் கணக்கோட சொல்வாங்க.

இப்ப கோட். இதுல எனக்கு ரொம்ப நாள் குழப்பம். ஏழு நாள் கணக்குல ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செஞ்சிருந்தாலே அவங்க வேலை பாத்தவங்கதான். ஆனா 365 நாள் கணக்கு அப்படி இல்ல, பெரும்பாலான நேரம் எதுல போச்சுங்கிறதுதான் முதன்மை, அதுபோக 30 நாளாவது வேற ஒரு வேலை செஞ்சிருந்தா துணை வேலை. அதனால அதே மதினி ஒரு இடத்துல 92, அதுக்கு துணையா 11, ஏழு நாள் கேள்வில மறுபடி 11-ன்னு வரலாம். மூணும் சரிதான், பயந்து ஒண்ண மாத்திறாதீங்க.

பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கடைல கூலி தர்றதால 31-ஓ (மாசச் சம்பளம்) 51-ஓ (தினக்கூலி) போடுற தப்பு நிறைய நடக்குது. இலையும் தூளும் வாங்கிட்டு வந்து வீட்ல இருந்து சுத்துனா அது சுயதொழில் கணக்குதான். அம்மா கணக்குல மகளும் கூட உக்காந்து மடக்கிக் குடுத்தா மகளுக்கு 21, அதாவது வீட்டுத் தொழிலுக்கு ஒத்தாசை, காசு அவ கைக்கு வரலைன்னாலும்.

மாட்டுக்கு வருவோம். பால விக்கல, வீட்டுக்கு மட்டும்தான்னாலும் அது வேலைக் கணக்குல வரும். ஆனா சொந்த வீட்டுக்கு ரவிக்கை தைச்சா வராது, அது 93, வீட்டு வேலையோட இந்த மாதிரி வீட்டுக்குன்னு செய்றதும் சேந்தது. காட்டுல இலவசமா வெறகு பொறக்கிட்டு வந்தாலும் 93. எனக்கு இந்த நியாயம் இன்னும் புரியல, ஒரு குடம் பாலும் ஒரு கட்டு வெறகும் தலைல சுமக்கிறவளுக்கு ஒண்ணுதானே. ஆனா ரூல் அதுதான், அப்படியே போடுங்க.

படி 5: டேப்லெட்ட எப்ப திறக்கணும்

என் கட்சி நோட்டுதான். பேச்சு நடக்கும்போது நீளமான கோடு போடாத நோட்டுல பென்சில்ல எழுதுங்க, பேனா மழைல போயிரும். டேப்லெட்ட மூஞ்சிக்கு நேரா பிடிச்சா அவங்க உங்க முகத்தப் பாக்காம ஸ்க்ரீனப் பாப்பாங்க, பதில் சுருங்கிரும். திண்ணைல உக்காந்து பேசி முடிச்சதும் அங்கேயே வச்சு என்ட்ரி போட்டுருங்க, ஏதாவது இடிச்சா கேட்டுக்கலாம். ரூமுக்குப் போய் போடலாம்னு சேத்து வச்சீங்கன்னா ரெண்டு வீட்டு மாடு ஒரே தொழுவத்துக்கு வந்துரும், எனக்கு வந்திருக்கு. பவர் பேங்க் கண்டிப்பா.

அப்டேட்: பையன் டிகிரி முடிச்சிட்டு வீட்ல இருந்தே டி.என்.பி.எஸ்.சிக்கு படிக்கிறான், 91-தானேன்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. இல்லம்மா, 91 ஸ்கூல் காலேஜ் போறவங்களுக்கு. அவன்கிட்ட நேரடியா கேளு, "வேலை தேடுறியா தம்பி, இப்ப ஒரு வேலை கிடைச்சா போவியா?" போவேன்னா 365 நாள் கணக்குல 81, வேலை இல்லாம இருக்கிறவங்க கோட். அப்பா பக்கத்துல இருக்கும்போது மட்டும் கேக்காத, அவர்தான் பதில் சொல்வாரு, பையன் தலையக் குனிஞ்சுக்குவான்.

இன்னொரு அப்டேட்: புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வீட்ல இருந்தா யார்கிட்ட கேக்கிறதுன்னு கேட்டிருந்தாங்க. அவங்கவங்க வேலைய அவங்கவங்ககிட்ட. அண்ணாச்சி "அவ சும்மாதான் இருக்கா"ன்னு குறுக்க விழுந்தா, சிரிச்சுட்டே "மதினி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க"ன்னு அவங்க பின்னாடியே அடுப்படி வாசலுக்குப் போயிருங்க. எனக்கு பாதி 11 அங்க நின்னு கேட்டதுலதான் வந்துச்சு.