விடுதியில் இருக்கும் பிள்ளை ஏன் அப்படி நடந்துகொள்கிறான்? புது வார்டன்களுக்கும் பெற்றோருக்கும்

பதினோராம் வகுப்பில் சேர்த்துவிட்டுப் பெட்டியை இறக்கி வைக்கும்போது அப்பாக்கள் பெரும்பாலும் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "கொஞ்சம் கண்டிப்பா இருங்க சார்." இருக்கலாம். ஆனால் அந்த வயதில் அவன் தலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் கண்டித்தால் அவன் பொய் சொல்லத்தான் பழகுவான், பையன்கள் விடுதியில் இத்தனை வருடம் இருந்ததில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

ஆசை, கோபம், பரபரப்பு இதையெல்லாம் கிளப்பும் மூளைப் பகுதிகள் பருவம் வந்ததுமே வேகமெடுத்துவிடும். "நில், யோசி" என்று தடுக்கும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது, அது முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகும். இதற்காக அவனுக்கு விவரம் போதாது என்று நினைத்துவிடாதீர்கள். அமைதியாக உட்கார வைத்துக் கேட்டால் 16 வயதுப் பையன் எது சரி, எது தப்பு என்று நம்மைப் போலவே சொல்வான். கோபத்திலும் நண்பர்கள் முன்னாலும்தான் தடுமாறுகிறான்.

முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள். தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இந்த வயதில் தாமதமாகத்தான் சுரக்கும், அதனால் பத்தரைக்கு விளக்கை அணைத்தாலும் பதினொன்றரை வரை புரண்டுகொண்டிருப்பது அடமில்லை. அவனையே காலை நாலரைக்கு விசில் ஊதி எழுப்பினால் கிடைப்பது ஐந்து மணி நேரம், ஆனால் தேவையோ 8 முதல் 10 மணி நேரம். படித்தது மனதில் நன்றாகப் பதியத் தூக்கம் வேண்டும் என்பதால், விடியற்காலை ஸ்டடியில் அவன் புத்தகத்தின் மேல் சாய்ந்து கிடந்தால் யாருக்கு லாபம்? நேர அட்டவணை உங்கள் கையில் இருந்தால் காலை ஸ்டடியை ஒரு மணி நேரமாவது தள்ளுங்கள். இல்லையென்றால் இரவில் கடைசி அரை மணி நேரம் டியூப் லைட்டுகளில் பாதியை அணையுங்கள், மதியம் இருபது நிமிடம் படுக்க விடுங்கள். நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டே இருங்கள், நான் கேட்டு இரண்டு வருடம் கழித்துத்தான் கிடைத்தது.

அப்புறம் நண்பர்கள். அமெரிக்காவில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டீன்பெர்கும் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு, சிலர் தனியாக ஆடினார்கள், சிலர் நண்பர்கள் பார்க்க ஆடினார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் அதிக ஆபத்தில் இறங்கினார்கள், பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. விடுதியில் நண்பர்கள் இருபத்து நாலு மணி நேரமும் பக்கத்தில்! சுவர் ஏறிக் குதிப்பவன் தனியாகக் குதித்து நான் பார்த்ததே இல்லை. ஆகவே மெஸ் வரிசையில், பிரேயரில், நாலு பேர் முன்னால் திட்டாதீர்கள், திட்டினால் அவன் உங்களுக்குப் பதில் சொல்லமாட்டான், அந்த நாலு பேருக்குத்தான் சொல்வான். அரை மணி நேரம் விட்டுவிட்டு, மைதானத்தில் கூட நடந்தபடி பேசுங்கள். "ஏன் செய்தாய்?" என்று கேட்டால் பல நேரம் அவனுக்கே தெரியாது. "அப்போது யார் கூட இருந்தாய், என்ன நடந்தது?" என்று கேளுங்கள், கதை தானாக வரும்.

பெற்றோருக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் கேள்வியே மார்க்காக இருக்க வேண்டாம். மெஸ்ஸில் என்ன போட்டார்கள், பக்கத்துக் கட்டில் பையன் எப்படி என்று தொடங்குங்கள். முதல் சில வாரங்களில் வயிற்று வலி, தலைவலி என்றால் நடிப்பு என்று தள்ளாதீர்கள், வீட்டு ஏக்கம் உடம்பிலும் தெரியும்.

வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல் ஒதுங்கி இருப்பது, தன் பொருட்களை எடுத்துக் கொடுத்துவிடுவது, கையில் கீறிக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே வீட்டுக்குச் சொல்லி மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அதுவரை அவனைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரண்டுமே இலவசம். இந்த எண்களை வார்டன் அறைக்குள் ஒட்டாமல், பிள்ளைகள் நின்று போன் பேசும் இடத்தில் ஒட்டுங்கள்.