கோலாலம்பூர் வெயிலில் குதிரையை எந்நேரம் திடலில் விடுவது?

குதிரை வளர்ப்புப் புத்தகங்களில் பெரும்பாலானவை பனி நாடுகளில் எழுதப்பட்டவை. உறைபனியில் வெளியே விடலாமா, போர்வை எப்போது போடுவது என்று பக்கம் பக்கமாகப் போகும். குளிருக்குப் பழகி, முடி அடர்ந்து, வயிறு நிறைய வைக்கோல் தின்ற குதிரை, காற்றும் மழையும் இல்லாவிட்டால் மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதன் குடலில் நார்த்தீனி நொதிக்கும்போது ஓயாமல் சூடு பிறப்பதே காரணம். அங்கே உதவும் அந்தச் சூடுதான் இங்கே பாரம். குதிரை உடம்புக்கு இதமான வெப்பம் ஏறக்குறைய 5 முதல் 25 டிகிரி. கோலாலம்பூரில் நள்ளிரவில்கூட 23-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். இரவில்கூட நம் குதிரை தன் எல்லையை ஒட்டியே நிற்கிறது என்று பொருள்.

அதற்காக நாள் முழுக்க லாயத்தில் அடைத்து வைப்பது பாதுகாப்பு ஆகிவிடாது. நகராமல் நிற்கும் குதிரைக்குக் கால் வீங்கும், குடல் மந்தமாகி வயிற்றுவலி வரும், மரக்கட்டையைக் கடிக்கிற பழக்கம் ஒட்டிக்கொள்ளும். தாழ்வான தகரக் கூரையும் காற்றில்லாத சுவரும் சேர்ந்தால், மதியம் 2 மணிக்கு லாயத்தின் உள்ளே மரநிழலைவிட அதிகமாகக் கொதிக்கும். எனவே தினமும் விட வேண்டும். நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பலரும் நம்புகிற ஒரு கணக்கு உண்டு. ஃபாரன்ஹீட் வெப்பநிலையோடு ஈரப்பத விழுக்காட்டைக் கூட்டுவது. 130-க்குள் கவலை இல்லை, 150 தாண்டினால் கவனம், 180 தாண்டினால் வேலை வாங்கக்கூடாது. இந்த ஊரில் அது ஏமாற்றும். விடியற்காலை 24 டிகிரி, அதாவது 75 ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 95: கூட்டினால் 170. மதியம் 33 டிகிரி, அதாவது 91, ஈரப்பதம் 60: கூட்டினால் 151. கணக்குப்படி மதியம்தான் நல்ல நேரம்! வெயிலின் நேரடிச் சூட்டை அது சேர்ப்பதே இல்லை. கறுப்பு உருண்டை பொருத்திய டபிள்யூபிஜிடி கருவி வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனமும் போட்டிகளுக்கு அதையே நம்புகிறது: கருவி காட்டும் எண் 28-க்குள் இருந்தால் மாற்றம் தேவையில்லை, 33-க்கு மேல் போட்டியே உகந்ததல்ல. சும்மா மேயும் குதிரைக்கு, நிழல் இல்லாத திடலில் 30-ஐத் தொட்டதுமே உள்ளே கொண்டுவருவது நல்லது.

கருவி இல்லாதவர்களுக்கு நடைமுறை நேரம் இது. காலை 7.30 முதல் 10 வரை. பிறகு உள்ளே, மின்விசிறிக்குக் கீழே. மாலை இடிமழை ஓய்ந்து தரை குளிர்ந்த பின், வேலி உறுதியாக இருந்தால் இரவு 9-க்கு மறுபடி விடலாம். இடையில் சூரியன் மறையும் 7 மணி வாக்கில் விடுவதைத் தவிர்க்கவும். கண்ணுக்கு எளிதில் தெரியாத, கொசுவைவிடச் சிறிய கடிபூச்சிகள் மொய்க்கும் வேளை அது. பிடரியையும் வாலடியையும் குதிரை இரத்தம் வரத் தேய்த்துக்கொள்வது அவற்றின் கடியால்தான். அவை பறப்பதில் பலவீனமானவை, விசிறிக் காற்றில் நிற்காது. இரவு மேயும் குதிரையைக் கொசுவும் கடிக்கும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை முறையாகப் போட்டுவிடுங்கள். பகலில் வரும் பெரிய இரத்தம் குடிக்கும் ஈக்கள் சுர்ரா என்ற இரத்த ஒட்டுண்ணி நோயைப் பரப்பும். விட்டுவிட்டுக் காய்ச்சல், வெளிறிய ஈறு, வயிற்றடியில் வீக்கம் தெரிந்தால் இரத்தப் பரிசோதனைக்குச் சொல்ல வேண்டும்.

எந்தக் கருவியையும்விட நம்பத் தகுந்தது குதிரையின் உடம்பு. விடுவதற்கு முன்னும், உள்ளே கொண்டுவந்ததும் பாருங்கள். விலா ஓரத்தில் நின்று வயிறு ஏறி இறங்குவதை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் மூச்சு எண்ணிக்கை. ஓய்வில் 8 முதல் 16 என்று எழுதியிருப்பார்கள். இந்த ஊர் மதியத்தில் நல்ல குதிரையே 20-ஐத் தாண்டும். ஆனால் நிழலில் அரைமணி நேரம் நின்ற பிறகும் 40-க்கு மேல் போனால் கோளாறு. இதயத் துடிப்பைவிட மூச்சு வேகமாக ஓடினாலும் உடம்பு சூட்டைத் தள்ள முடியாமல் திணறுகிறது. ஈறை விரலால் அழுத்தி விடுங்கள்: வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். ஆசனவாயில் வெப்பமானி வையுங்கள். அதில் நூலும் கிளிப்பும் கட்டி வாலில் மாட்டாவிட்டால் உள்ளே போய்விடும், அல்லது விழுந்து உடையும். 37.5 முதல் 38.5 இயல்பு. 40-ஐத் தாண்டினால் கால்நடை மருத்துவரை அழைக்கிற நேரம்.

அவர் வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரைக் கழுத்து, மார்பு, வயிற்றடி, தொடை உட்புறம் என்று இரண்டு பக்கமும் நிறுத்தாமல் ஊற்றுங்கள். வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது வெந்நீர். அதைத் தரையில் விட்டுவிடுங்கள். வாளியில் ஐஸ் போட்டு ஊற்றினாலும் தசை பிடித்துக்கொள்ளாது, அந்தப் பயத்தால் நேரத்தை இழக்காதீர்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விடுவதுதான் தவறு: துண்டு நிமிடத்தில் சூடாகி, வெப்பத்தை உள்ளேயே அடைக்கும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, 39-க்கு வந்ததும் நிறுத்துங்கள். குடிக்கத் தண்ணீரைத் தடுக்க வேண்டாம்.

கை வைத்துப் பார்க்க வேண்டிய இன்னோர் இடம் முழங்கைக்குப் பின்புறமும் பிடரி முடிக்குக் கீழும். மற்ற குதிரைகள் நனைந்து நிற்கையில் இது மட்டும் அந்த இரண்டு இடத்தில் லேசாக ஈரம், மற்றபடி காய்ந்து, மூக்கு விரிய இளைக்கிறது என்றால் வியர்வை நின்றுவிட்டது. வெக்கையும் ஈரமும் மிகுந்த ஊர்களில் மட்டும் பெரிதாகப் பார்க்கிற நோய் இது. உறுதியான மருந்து கிடையாது. இத்தகைய குதிரைக்குப் பகல் திடல் வேண்டவே வேண்டாம்; இரவும் விசிறியும் குளியலும்தான் வாழ்க்கை.

500 கிலோ குதிரை இங்கே நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர் வரை குடிக்கும். திடலில் நிழலில் இரண்டு தொட்டி வையுங்கள், ஒன்றை மற்றொரு குதிரை காவல் காத்துக்கொண்டு விரட்டும். கறுப்பு ரப்பர் தொட்டி வெயிலில் இருந்தால் தண்ணீர் சுட்டு, குதிரை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். தினமும் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்: டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், புழு இருந்தால் அபராதமும் உண்டு. சாப்பாட்டு உப்பு நாளுக்கு 30 கிராம் அடிப்படை; நன்றாக வியர்த்த நாளில் 50 முதல் 60 வரை இரண்டு வேளைத் தீனியில் பிரித்துக் கலக்கலாம். கையருகே தண்ணீர் இல்லாமல் உப்பு கொடுக்கக்கூடாது.

இடியில் மட்டும் தயக்கமே வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கு உலகத்திலேயே இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களில் ஒன்று. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் அநேகமாக நாள்தோறும் வரும். மின்னல் கண்டு 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள். ஆனால் அதுவரை காத்திருந்து, பயந்து ஓடும் ஆறு குதிரைகளை மழையில் பிடிக்கப் போவது குதிரை பார்க்கும் தம்பிகளின் உயிருக்கே ஆபத்து. மேகம் கறுத்ததுமே உள்ளே கொண்டுவாருங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி விடலாம். தனி மரமும் கம்பி வேலியும் கொல்லும். தரையில் பாயும் மின்சாரம், முன்கால் பின்கால் அகலமாக ஊன்றி நிற்கும் பிராணியை மனிதனைவிட எளிதாகத் தாக்கும்.

வெறும் மழை குதிரையை ஒன்றும் செய்யாது, சேறுதான் செய்யும். வாசலருகே குளம்பு முழுக்கப் புதைந்தால் அன்றைக்கு அந்தத் திடல் வேண்டாம்: லாடம் கழன்றுவிடும், தசைநார் சுளுக்கும், குளம்பின் அடியில் 'தவளை' எனப்படும் முக்கோணப் பகுதி அழுகி நாறும். ஈர முதுகில் துணி போர்த்தினால் மழைப்புண் வரும்.

புகைமூட்டக் காலத்தில் காலையில் ஐபியு எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்த்துவிடுங்கள். 100-க்குள் வழக்கம்போல். 101 முதல் 200 வரை மேயலாம், சவாரி வேண்டாம். 200-க்கு மேல் உள்ளே வைத்து, வைக்கோலைத் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள், தூசியாவது குறையும்.

திடலில் செத்தாரியா புல் மிகுந்திருந்தால் அதன் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அதையே தின்றால் முகஎலும்பு வீங்கி, நொண்டத் தொடங்கும். மாட்டுப்புல் வளரவிடுவது உத்தமம்.

ஜூலையில் நியூசிலாந்திலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வந்திறங்கும் குதிரைக்கு மேற்சொன்ன நேரங்கள் பொருந்தாது. அது அங்கே குளிர்காலத்தில் வளர்த்த அடர்முடியோடு வருகிறது. முதல் வாரத்திலேயே முடியை வழித்துவிட்டு, காலை ஒரு மணி நேரம் மட்டும் விடுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அரைமணி கூட்டலாம். உடம்பு வெக்கைக்குப் பழக இரண்டு மூன்று வாரமாகும்; அதுவரை ஒவ்வொரு முறையும் உள்ளே வந்ததும் வெப்பமானி வைத்து எழுதி வையுங்கள், 39-ஐத் தாண்டிய மறுநாள் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள்.