பழைய அமெரிக்க மருத்துவக் கல்லூரி கேட்லாக்கைப் படிப்பது எப்படி?

அமெரிக்க மருத்துவக் கல்வியின் வரலாறு தெரிய வேண்டுமா? தடிமனான புத்தகத்தில் ஆரம்பிக்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த கல்லூரிகள் ஆண்டுதோறும் கட்டணம், பாடம், சேர்க்கை விவரங்களைப் போட்டு அச்சிட்ட ஒல்லியான கேட்லாக்குகள் இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்திட்ரஸ்ட் என்ற இணைய நூலகங்களில் நிறைய கிடக்கின்றன. ‘ஆனுவல் அனவுன்ஸ்மென்ட்’, ‘மெடிக்கல் காலேஜ்’ என்று ஆங்கிலத்தில் தேடினாலே வந்துவிடும், கூடவே ஒரு ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

முன்னுரையை விட்டுவிடுங்கள், அது வெறும் விளம்பரம். நேராகக் கட்டணப் பக்கத்துக்குப் போங்கள். மொத்தக் கட்டணம் என்று ஒன்று இல்லாமல், ஒவ்வொரு பேராசிரியருடைய சொற்பொழிவுக்கும் தனித்தனி டிக்கெட் போட்டிருந்தால் பெரும்பாலும் அந்தக் கல்லூரியின் முதலாளிகளே அந்தப் பேராசிரியர்கள்தான் என்று வைத்துக்கொள்ளலாம். கல்லூரிகள் வருவதற்கு முன் ஒரு மருத்துவரிடம் சில வருடம் எடுபிடியாக இருந்து, மருந்து கலக்கிக் கொடுத்துத் தொழில் பழகுவதுதான் வழக்கம். எடின்பரோவில் படித்துத் திரும்பிய ஜான் மார்கன் 1765இல் பிலடெல்பியாவில் முதல் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது அதை ஒரு கல்லூரியோடு சேர்த்துத்தான் அமைத்தார். அடுத்த நூற்றாண்டிலோ நாலைந்து உள்ளூர் மருத்துவர்கள் கூடி, ஒரு கட்டடத்தைப் பிடித்து, பட்டம் கொடுக்க அனுமதியும் வாங்கிவிட்டால் கல்லூரி தயார். மாணவன் தரும் காசுதான் வருமானம் என்றால் யார் அவனை ஃபெயில் ஆக்குவார்கள்?

அப்புறம் பாடகாலம். நாலு மாதம் மாதிரி இரண்டு பருவங்கள், இரண்டிலும் ஒரே பாடங்கள். அச்சுப்பிழை இல்லை, முதல் வருடம் கேட்டதையே மறு வருடமும் உட்கார்ந்து கேட்பதுதான் அன்றைய ஏற்பாடு. சேருவதற்கு என்ன படித்திருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லையா, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட் எழுத்துத் தேர்வு வைக்கலாம் என்றபோது, மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒழுங்காக எழுதவே தெரியாதே என்று அங்கிருந்த அறுவை மருத்துவப் பேராசிரியர் ஹென்றி பிகலோ எதிர்த்தார். ஹார்வர்டிலேயே அப்படி! எலியட் விடவில்லை. 1871இல் மூன்று வருடப் படிப்பு, வருடத்துக்கு வருடம் வேறு பாடம் என்று மாற்றிவிட்டார்.

‘மாணவர்கள் அறுத்துப் படிக்கத் தாராளமாகப் பிணங்கள் கிடைக்கும்’ என்கிற மாதிரி வரி வந்தால் சற்று நில்லுங்கள். சட்டப்படி உடல்கள் கிடைக்க வழி அரிதாக இருந்த காலத்தில் கல்லறைகளைத் தோண்டினார்கள், அதிலும் கறுப்பர்கள், ஏழைகள் புதைக்கப்பட்ட இடங்களை. 1788இல் நியூயார்க்கில் இதற்காகக் கலவரமே நடந்தது.

சரி, இப்போது பக்கத்தில் 1893இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியின் கேட்லாக்கை வையுங்கள். உள்ளே நுழையவே ஒரு பட்டம் வேண்டும், நாலு வருடம், ஆய்வகம், வார்டில் நோயாளியின் பக்கத்தில் நின்று பாடம். பெண்களுக்கும் சமமாக இடம் உண்டு. இது பெருந்தன்மையால் வந்தது இல்லை. பள்ளி தொடங்கப் பணம் போதாமல் நின்றபோது மேரி காரெட் என்ற பணக்காரப் பெண்மணியும் அவருடைய தோழிகளும் அந்த நிபந்தனையோடுதான் நிதி கொடுத்தார்கள். அங்கே பேராசிரியராக இருந்த ஆஸ்லர், நல்லவேளை நாம் ஆசிரியராக வந்தோம், மாணவராக வந்திருந்தால் இடமே கிடைத்திருக்காது என்று சக பேராசிரியர் வெல்ச்சிடம் கிண்டலடித்தாராம்.

கடைசியாக, நீங்கள் எடுத்த கல்லூரியை 1910இல் வந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கையில், அதாவது ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் மருத்துவப் பள்ளிகளை நேரில் பார்த்து எழுதிய அறிக்கையில், தேடுங்கள். இதுவும் இலவசம்தான். இரண்டாம் பாகத்துக்குப் போனால் போதும், மாநிலவாரியாக 155 பள்ளிகள், கனடாவும் சேர்த்து. சேர்க்கைத் தகுதி, மாணவர் எண்ணிக்கை, வருமானம், ஆய்வகம், மருத்துவமனை வசதி என்று ஒவ்வொன்றுக்கும் சில வரிகள். கேட்லாக்கில் பக்கம் பக்கமாக வர்ணித்த ஆய்வகம் இதில் ஒரு வரியில் காலியாகிவிடும்! ஃப்ளெக்ஸ்னர் மருத்துவர் இல்லை, பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஒருவேளை அதனால்தான் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுக்கு மயங்கவில்லையோ என்னவோ.

அதற்காக அவர் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுக்காதீர்கள். கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த ஏழு பள்ளிகளில் ஹோவர்ட், மெஹாரி இரண்டு மட்டும் போதும் என்றார், 1923க்குள் மற்ற ஐந்தும் மூடப்பட்டுவிட்டன. தேறாத பள்ளிகள் இந்த அறிக்கைக்கு முன்பே மூடத் தொடங்கியிருந்தன, அதனால் உங்கள் கல்லூரி பட்டியலில் இல்லை என்றால் இன்னொன்றோடு இணைந்து பெயர் மாறிவிட்டதா என்று அதே ஊரின் மற்ற கல்லூரிகளின் கீழும் பார்த்துவிடுங்கள்.