டார்க் சோல்ஸ் 2: முதல் பாகத்தின் கைப்பழக்கத்தோடு இறங்குபவர்களுக்கு

முதல் டார்க் சோல்ஸ் வீடியோ கேமை முடித்த கையோடு இரண்டாம் பாகத்தைத் தொடங்குபவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: சரியான நேரத்தில்தானே ரோல் போட்டேன் (உருண்டு விலகினேன்), அடி எப்படி விழுந்தது? அடி எந்தப் பரப்பில் படும் என்று தீர்மானிக்கும் ஹிட்பாக்ஸைத் திட்டுவதற்கு முன் ஸ்டேட்டஸ் திரையைத் திறந்து அஜிலிட்டி என்ற எண்ணைப் பாருங்கள். பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது.

2011இல் வந்த முதல் பாகத்தில் ரோலைத் தீர்மானித்தது நாம் சுமக்கும் எடை. சுமக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 25 சதவீதத்துக்குள் இருந்தால் வேக ரோல், 50க்குள் நடுத்தர ரோல், அதைத் தாண்டினால் தொப்பென்று விழும் ரோல். 2014இல் வந்த இரண்டாம் பாகத்தில் எல்லை ஒன்றுதான்: 70 சதவீதம். அதற்குள் இருக்கும்வரை எடை கூடினால் ரோலின் தூரம் குறையும், ஸ்டாமினா (ஓட, அடிக்கச் செலவாகும் தெம்பு) மெதுவாக ஏறும். ரோலின்போது அடிபடாத ஃபிரேம்கள் (திரையின் நொடித்துளிகள்) மட்டும் மாறாது. அவற்றை முடிவு செய்வது அஜிலிட்டி. அஜிலிட்டியோ லெவல் ஏற்றும்போது கூட்டக்கூடிய அடாப்டபிலிட்டி, அட்யூன்மென்ட் என்ற இரண்டு திறன்களையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது.

நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு எண்கள். அஜிலிட்டி 96 ஆனால் 11 ஃபிரேம், அதாவது முதல் பாகத்தின் நடுத்தர ரோல். 105 ஆனால் 13 ஃபிரேம், பழைய வேக ரோல். தொடக்கத்தில் பெரும்பாலான வகுப்புகளுக்கு (தொடக்கப் பாத்திர வகைகளுக்கு) இரண்டுமே எட்டாத உயரம். ஆகவே முதல் பத்துப் பதினைந்து லெவல்களில் பெரும்பங்கை அடாப்டபிலிட்டியில் போடுங்கள். ஆட்டத்தின் நாணயமான சோல்களைக் கொடுக்கும் முன்பே லெவல் ஏற்றும் திரையில் அஜிலிட்டி எவ்வளவு ஆகும் என்று தெரியும். 96ஐத் தொட்டதும் நிறுத்தி, உயிரளவை (ஹெச்பி) ஏற்றும் விகருக்குப் போகலாம், 105ஐப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எக்ஸ்ப்ளோரர் வகுப்பு அடாப்டபிலிட்டி 12உடன் தொடங்குவதால் அதற்குச் செலவு குறைவு. மந்திரம் பயன்படுத்துபவர்கள் அட்யூன்மென்ட் ஏற்றும்போதே கொஞ்சம் அஜிலிட்டியும் சேர்ந்து வரும். ஹெச்பியை ஏற்றும் எஸ்டஸ் பானத்தைக் குடிக்கும் வேகமும் இதைப் பொறுத்ததே. பாஸ் (பெரிய எதிரி) முன்னால் குடிக்கப்போய் அடிவாங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். உயிர் தப்புவதற்கே லெவல் செலவழிக்க வைப்பது நல்ல வடிவமைப்பு என்று சொல்ல மாட்டோம். ஆனால் தெரிந்துகொண்டால் ஆட்டம் தலைகீழாக மாறும்.

மற்ற விதிகள் பலவற்றில் இந்தப் பாகம் தன் அண்ணனைவிட 2009இல் வந்த டீமன்ஸ் சோல்ஸ் என்ற முந்தைய கேமுக்குத்தான் நெருக்கம். முதல் பாகத்தில் எந்த பான்ஃபயரிலும் (ஓய்வெடுக்கும் தீமூட்டத்திலும்) லெவல் ஏற்றலாம். இங்கே மஜூலா என்ற ஊரில் இருக்கும் எமரால்டு ஹெரால்டு என்ற பெண்ணிடம்தான் போக வேண்டும். பான்ஃபயர்களுக்கு இடையே நொடியில் தாவும் வார்ப் தொடக்கத்திலிருந்தே இருப்பதால் அது பெரிய தொல்லை இல்லை. சாவுக்கான தண்டனையும் டீமன்ஸ் சோல்ஸின் வாசனைதான்: ஒவ்வொரு முறை சாகும்போதும் அதிகபட்ச ஹெச்பி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து கடைசியில் பாதியில் வந்து நிற்கும். ஹைட்ஸ் டவரில் ஒரு பெட்டிக்குள் ரிங் ஆஃப் பைண்டிங் என்ற மோதிரம் கிடைக்கும். அதைப் போட்டால் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. டீமன்ஸ் சோல்ஸில் கிளிங் ரிங் செய்த அதே வேலை. அதை எடுத்துவிட்டு குறைந்த ஹெச்பியை மீட்கும் ஹியூமன் எஃபிஜிகளைச் சேமியுங்கள், ஒவ்வொரு சாவுக்கும் ஒன்றைக் கரைக்காதீர்கள்.

எஸ்டஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் அதிகம். முதல் பாகத்தில் ஐந்து கையில் இருக்கும். இங்கே ஹெரால்டு கொடுக்கும் குடுவையில் ஒன்றே ஒன்று. எஸ்டஸ் ஷார்டுகளை (குடுவைத் துண்டுகளை) தேடிச் சேர்த்தால் 12 வரை போகும். முதல் ஷார்டு மஜூலாவின் கிணற்றிலேயே இருக்கிறது. கிணற்று விளிம்பில் இருக்கும் கல்லை ஆயுதத்தால் அடியுங்கள், கிடைத்துவிடும். சப்ளைம் போன் டஸ்ட் கிடைத்தால் மஜூலாவின் பான்ஃபயரில் எரியுங்கள்; ஒரு மிடறுக்கு ஏறும் ஹெச்பி கூடும். இடைவெளியை நிரப்ப, நசுக்கினால் ஹெச்பி ஏற்றும் லைஃப்ஜெம் கற்கள். கார்டினல் டவரில் இருக்கும் கிழவி மெலன்டியாவிடம் 300 சோல். லாஸ்ட் ஜயன்ட் என்ற பாஸை வீழ்த்தி அவர் மஜூலாவுக்கு வந்த பின் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். லைஃப்ஜெம் மெதுவாகத்தான் ஏற்றும், ஆகவே ஹெச்பி காலியாகும் வரை காத்திருக்காமல் சண்டைக்கு நடுவே முன்கூட்டியே நசுக்குங்கள். அவரிடமே 1000 சோலுக்கு கொல்லன் லெனிகிராஸ்டின் சாவியையும் வாங்கிவிட்டால் கொல்லன் கடை திறக்கும். ஆயுதங்கள் இங்கே சீக்கிரம் தேயும். பான்ஃபயரில் உட்கார்ந்தால் சரியாகிவிடும், ஆனால் முழுதாக உடைந்துவிட்டால் கொல்லனிடம்தான் போக வேண்டும். நீண்ட பகுதிகளுக்கு இரண்டாவது ஆயுதம் ஒன்று இருக்கட்டும்.

கையில் ஊறிப்போன சில அசைவுகளையும் மாற்ற வேண்டும். எதிரியின் வெட்டைத் தட்டிவிடும் பாரியைச் செய்தவுடன் அடிக்கும் பட்டனைத் தட்டினால் சாதாரண வெட்டுதான் விழும், ரிபோஸ்ட் (எதிர்க்குத்து) போய்விடும். எதிரி தடுமாறித் தரையில் சரியும் வரை பொறுத்து, பிறகு தட்டுங்கள். வழியை மறைக்கும் பனிமூட்டச் சுவரைக் கடக்கும்போது முதல் பாகத்தில் யாரும் தொட முடியாது. இங்கே முதுகில் குத்து விழும், சாகவும் செய்வீர்கள். துரத்திவரும் கூட்டத்தை விட்டுவிட்டு பாஸ் அறைக்குள் ஓடும் பழக்கம் இதனால்தான் பலிக்காது. அதற்கு ஈடாக, ஒரே எதிரியை ஏறத்தாழ ஒரு டஜன் முறை கொன்றால் அவன் திரும்ப வருவதே இல்லை. பாஸுக்குப் போகும் வழியைத் துடைத்தெடுத்துவிட்டு நிதானமாக நடந்து போகலாம். திரும்பத் திரும்பக் கொன்று சோல் சேர்க்க (ஃபார்ம் செய்ய) நினைப்பவர்களுக்கு இதுவே எதிரி. பான்ஃபயர் அசெடிக் என்ற பொருளை எரித்தால் அவர்கள் திரும்ப வருவார்கள். ஆனால் அந்தப் பகுதி அடுத்த சுற்றின் கடுமைக்குப் போய்விடும், அதைத் திரும்பப் பெற வழியே இல்லை.

நண்பரோடு சேர்ந்து ஆடும் எண்ணம் இருந்தால் சோல் மெமரியைக் கவனியுங்கள். முதல் பாகம் லெவலைப் பார்த்து இணைத்தது. இது இதுவரை சம்பாதித்த மொத்த சோல்களைப் பார்க்கிறது, தொலைத்தவையும் கணக்கில் உண்டு. இருவரும் நேம்-எங்கிரேவ்டு ரிங் போட்டு ஒரே கடவுளைத் தேர்ந்தெடுத்தால் இணையும் வரம்பு விரியும். ஒருவர் மட்டும் முன்னே ஓடிவிட்டால் அவர் அகாபே ரிங்கைப் போட்டுக்கொள்ளட்டும். கிடைக்கும் சோல்களை அது உறிஞ்சிக்கொள்ளும், சோல் மெமரி ஏறாது.