சுவிட்ச் பத்து தடவை

என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம் உண்டு. பள்ளிக்குக் கிளம்பும்போது ஹால் லைட் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பான். வேன் வந்து ஹாரன் அடித்தாலும் நகரமாட்டான். ஒருநாள் கையைப் பிடித்து இழுத்தேன். கத்தினான், தன் கையையே கடித்துக்கொண்டான். தப்பு என்மேல்தான்.

அப்புறம்தான் கவனித்தேன்: முந்தின நாள் விருந்தாளி வந்திருந்தாலோ தூக்கம் கெட்டிருந்தாலோ இது கூடும். மனதை அமைதிப்படுத்திக்கொள்ளத்தான் செய்கிறான் போல. சரி, தடுப்பதை விட்டேன். பத்து தடவை என்று இருவரும் சேர்ந்து எண்ணினோம். எண்ணி முடித்ததும் செருப்பு, வேன் படங்கள் ஒட்டிய அட்டையைக் காட்டுவேன். பழகியபின் எண்ணிக்கையை வாரத்துக்கு ஒன்று வீதம் குறைத்தேன். ஆறில் நிறுத்தியபோது அழுதான், மறுபடி ஏழு. இப்போது மூன்று. அதைக் குறைக்கும் எண்ணமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.