காயமுற்ற நுரையீரல் உள்ள குழந்தைக்கு வென்டிலேட்டரை அமைக்கும் முறை

மூச்சுக்குழாயில் டியூப் செலுத்திய குழந்தையை வென்டிலேட்டரில் இணைக்கும் அவசரத்தில் பெரும்பாலும் மறந்துபோகும் கருவி, சாதாரண அளவு நாடாதான். நுரையீரலின் கொள்ளளவு உயரத்தோடு வளர்கிறதே தவிர உடற்பருமனோடு வளர்வதில்லை. ஆகவே ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்பதை, அந்த உயரத்துக்கு உரிய எடையைக் கொண்டே கணக்கிட வேண்டும். 115 செ.மீ. உயரமும் 30 கிலோ எடையும் உள்ள ஆறு வயதுக் குழந்தை ஒன்றை எண்ணிக்கொள்வோம். அந்த உயரத்துக்கு உரிய எடை சுமார் 20 கிலோ. கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி. என்று கணக்கிட்டால் 120 முதல் 160 மி.லி. போதும். தராசு காட்டும் 30 கிலோவை 8 மி.லி.யால் பெருக்கினால் 240 மி.லி. வரும், அதாவது உயரத்துக்கு உரிய 20 கிலோவைக் கொண்டு பார்த்தால் கிலோவுக்கு 12 மி.லி. நுரையீரல் காயமுற்ற பெரியவர்களிடம் நடத்தி 2000ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், 6 மி.லி. பெற்றோரில் 31 விழுக்காட்டினரும் 12 மி.லி. பெற்றோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும் இறந்தனர் என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது.

காற்றின் அளவு சரியாக இருந்தாலும், விறைத்த நுரையீரலில் அழுத்தம் எகிறலாம். குழந்தை தானாக மூச்சு இழுக்காத வேளையில், உள்மூச்சின் முடிவில் காற்றோட்டத்தைச் சில நொடிகள் நிறுத்திப் பிளாட்டோ அழுத்தத்தை, அதாவது காற்று ஓடாமல் நிற்கும்போது நுரையீரலில் உள்ள அழுத்தத்தை, அளக்க வேண்டும். பன்னாட்டு வல்லுநர் குழு 2023இல் வெளியிட்ட பரிந்துரைகளின்படி அது 28 செ.மீ. நீரழுத்தத்தைத் தாண்டக் கூடாது. டெங்குவில் வயிறு நீர்கோத்து உப்பி மார்புச்சுவர் இறுகியிருந்தால் 32 வரை பொறுக்கலாம். பிளாட்டோவிலிருந்து பீப் (மூச்சு வெளியேறிய முடிவிலும் நுரையீரலில் நிறுத்திவைக்கும் அழுத்தம்) அளவைக் கழித்தால் கிடைக்கும் டிரைவிங் அழுத்தம் 15க்குள் இருக்க வேண்டும். இவை மீறினால் மூச்சின் அளவைக் கிலோவுக்கு 4 முதல் 6 மி.லி.யாகக் குறைக்க வேண்டும்.

நாம் மிகவும் தயங்கும் இடம் பீப். மூச்சு வெளியேறிய பின்னும் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் தாங்கி நிற்பது இந்த அழுத்தமே. ஆயினும் இரத்த அழுத்தம் இறங்கிவிடுமோ என்ற அச்சத்தில் பீப்பை 5இலேயே விட்டுவிட்டு, செலுத்தும் காற்றில் ஆக்சிஜனை மட்டும் 60, 70, 80 விழுக்காடு என்று ஏற்றிக்கொண்டே போகும் பழக்கம் குழந்தைகள் பிரிவுகளில் பரவலாக உண்டு. அமெரிக்க ஆய்வுக் குழுவின் அட்டவணையில் 60 விழுக்காடு ஆக்சிஜனுக்கு பீப் 10, 80க்கு 14. இந்த அட்டவணையைவிடக் குறைந்த பீப் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு கூடுதலாக இருந்ததை 2018இல் வெளியான பல மைய ஆய்வு ஒன்று காட்டியது. பீப்பை இரண்டிரண்டாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு, டிரைவிங் அழுத்தம், இரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்க வேண்டும். டிரைவிங் அழுத்தம் குறைந்தால் மூடியிருந்த காற்றறைகள் திறக்கின்றன என்று கொள்ளலாம். கூடினால் திறந்திருந்தவையும் மிகையாக விரிகின்றன, ஒரு படி இறங்குவதே முறை.

மிதமான பாதிப்பில் ஆக்சிஜன் செறிவு 92 முதல் 97 விழுக்காடு வரை இருந்தால் போதும். கடும் பாதிப்பில், பீப்பைச் சரிசெய்த பின் 92க்குச் சற்றுக் கீழும் ஏற்கலாம், ஆனால் 88க்குக் கீழே நீடிக்க விடலாகாது. கரியமில வாயு கூடினாலும் இரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 7.20க்குக் கீழே போகாத வரை பொறுத்துக்கொள்ளலாம். மூளையழுத்தம் கூடிய குழந்தைக்கும் நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்தம் மிகுந்த குழந்தைக்கும் இச்சலுகை இல்லை.

பாதிப்பின் கடுமையை அறிய, சராசரிக் காற்றுவழி அழுத்தத்தைச் செலுத்தும் ஆக்சிஜன் விழுக்காட்டால் பெருக்கி, தமனி இரத்த ஆக்சிஜன் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். அழுத்தம் 16, ஆக்சிஜன் 60 விழுக்காடு, தமனி அளவு 60 எனில் விடை 16. அதுவும் அதற்கு மேற்பட்டதும் கடும் வகை.

ஆக்சிஜன் திடீரென இறங்கினால் அமைப்புகளை மாற்றும் முன் டியூப் நழுவியதா, சளி அடைத்ததா, மார்பறையில் காற்று புகுந்ததா, கருவி பழுதா என்று இந்த வரிசையில் தேட வேண்டும். கையால் அழுத்தும் ஆம்பு பையால் மூச்சுக் கொடுக்க நேர்ந்தால் அதில் பீப் வால்வு பொருத்தியிருக்க வேண்டும். இல்லையேல் மணிக்கணக்கில் திறந்த காற்றறைகள் சில நொடிகளில் மூடிக்கொள்ளும். நிலை தணிந்த பின் குழந்தை தானே மூச்சுவிட இயலுமா என்பதை ஒவ்வொரு நாளும் சோதித்து, முடிவைப் படுக்கையருகே உள்ள அட்டவணையில் எழுதிவைக்க வேண்டும்.